மொட்டை மாடித் தேனீப் பெட்டியை எப்போது, எப்படிப் பிரிப்பது?

[காட்சி: மொட்டை மாடி நிழலில் ஒரு தேனீப் பெட்டி]

பெட்டி நிறையத் தேனீ இருந்தால் கூட்டத்தை இரண்டு பெட்டிகளாகப் பிரித்துவிடலாம் என்பார்கள். அது மட்டும் போதாது. ஆண் தேனீ இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்தபின் ராணியில்லாத பெட்டியில் பிறக்கும் புது ராணி வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு இணைசேர்ந்தால்தான் அந்தப் பெட்டி பிழைக்கும்.

[நெருக்கக் காட்சி: அடையின் கீழ் விளிம்பு]

இந்த அறைகளைப் பாருங்கள். மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது. மூடி உப்பலாக, உச்சியில் பொடித் துளையோடு இருக்கிறது. நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயின் ஆண் புழு அறை இதுதான். இது தெரிய ஆரம்பித்தால் கூட்டம் பிரியத் தயாராகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதே விளிம்பில் நிலக்கடலைபோல் தொங்குவது ராணி அறை. தேனீக்கள் அதை மூடிவிட்டால் பழைய ராணி ஒரு பெரும் கூட்டத்தோடு எந்த நாளிலும் கிளம்பிவிடும். சென்னையில் அந்தக் கூட்டம் யாருடைய ஜன்னல் சன்ஷேடிலாவது போய் உட்காரும், பயத்தில் மருந்தடித்துவிடுவார்கள். அதற்காகவே நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

மாதம் எது? நான் மாசியைத்தான் சொல்வேன். மாமரமும் முருங்கையும் பூத்திருக்கும். அப்போது பிரித்தால், வேம்பு பூக்கும் நேரத்தில் புது ராணி முட்டையிட்டுக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பறக்கவும் முடியாது, பூவும் இல்லை. கூட்டம் பட்டினி கிடக்கும். கத்திரி வெயிலும் வேண்டாம், புது அடை இளகிச் சரிந்துவிடும்.

[காட்சி: புகைப்பான், காலிப் பெட்டி, திறந்த தேனீப் பெட்டி]

சரி, வெயில் ஏறுவதற்கு முன்பே பெட்டியைத் திறங்கள். முதலில் ராணியைக் கண்டுபிடியுங்கள். அது நிற்கும் சட்டத்தோடு (அடை கட்டியிருக்கும் மரச் சட்டகம்), மூடிய அறைகளில் புழு உள்ள சட்டம் ஒன்று, தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் ஒன்று, மூன்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். அந்தச் சட்டங்களில் ராணி அறை இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய பெட்டி இடம் மாறக் கூடாது. அதில் நல்ல ராணி அறை ஒன்று இருந்தால் போதும். நிறைய விட்டுவைத்தால் கூட்டம் மறுபடியும் பிரியும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். வெளியே போய்ப் பழகிய தேனீக்கள் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பும். புதுப் பெட்டி இளைத்துவிடும். அதனால் பழைய பெட்டியில் இன்னும் ஒரு புழுச் சட்டத்தில் இருக்கும் தேனீக்களையும் புதுப் பெட்டியில் உதறிவிடுங்கள். வெளியே பறக்காத இளம் தேனீக்கள் அங்கேயே தங்கும். வாசலைக் குறுக்குங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, சாயங்காலத்தில் பெட்டிக்குள்ளே வையுங்கள். பெட்டியைத் தாங்கும் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது.

[காட்சி: மூடிய பழைய பெட்டி]

ராணி அறை மூடிய 7, 8 நாளில் புது ராணி வெளியே வரும். அது பறந்து, இணைசேர்ந்து, முட்டையிட இன்னும் இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை பெட்டியைக் கிளறாதீர்கள். பிறகு ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். அறைக்கு ஒரு முட்டை, அடியில் நட்டுவைத்த மாதிரி இருந்தால் ராணி வேலையைத் தொடங்கிவிட்டது. முட்டையே இல்லையென்றால் மற்ற பெட்டியிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றைக் கொடுங்கள். அதிலிருந்து அவையே இன்னொரு ராணியை வளர்த்துக்கொள்ளும்.