ஹெவிவெயிட் வரலாற்றில் யாருடைய குத்து கனமானது?

[திரையில்: ராக்கி மார்சியானோ, கறுப்பு வெள்ளைக் காட்சி]

வணக்கம். 1950-களின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை உலக சாம்பியன் ராக்கி மார்சியானோவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு கணக்கும் கூடவே வரும். அவருடைய நாக் அவுட் குத்தில் இருந்த ஆற்றல், ஆயிரம் பவுண்டு எடையைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கப் போதுமானது என்பார்கள். கவசத்தைத் துளைக்கும் தோட்டாவையும் மிஞ்சியது என்று சேர்த்துச் சொல்வார்கள். எந்தக் காலத்து வீரரின் குத்து பலமானது என்ற விவாதத்தில் இறங்கும் முன், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆயிரம் பவுண்டு என்பது 454 கிலோ. அதை 30 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே தூக்க ஏறத்தாழ 1,350 ஜூல் ஆற்றல் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியானது. பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோவை, விசையை அளக்கும் கருவி பொருத்தித் தொங்கவிடப்பட்ட ஓர் இலக்கின் மீது குத்தச் சொன்னார்கள். குத்து புறப்பட்டுப் பத்தில் ஒரு நொடிக்குள் அரை மீட்டர் பயணித்துவிட்டது. இலக்கைத் தொட்டபோது வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன். தொட்ட 14 மில்லிநொடிக்குள் அந்த உச்சம் வந்துவிட்டது. அதே குத்து மனிதத் தலையில் விழுந்திருந்தால் 6,320 நியூட்டன் வரை போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். உறை சுற்றிய 6 கிலோ மரச் சுத்தியலை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசி அடிப்பதற்குச் சமம் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

அந்தச் சுத்தியலின் ஆற்றலைக் கணக்கிட்டால் 240 ஜூலுக்குள் நிற்கிறது. மார்சியானோவைவிட எடை கூடிய புருனோவின் கதையே இது. மார்சியானோ 1,350 ஜூலை எட்ட வேண்டுமானால், அதே 6 கிலோ எடையோடு அவருடைய கை மணிக்கு 76 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்க வேண்டும். நடக்கிற காரியம் இல்லை. மார்சியானோ பெரிய வீரர். 49 சண்டைகளில் 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். அவருக்கு இந்தப் பொய்க் கணக்கு தேவையே இல்லை.

கருவி காட்டும் எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். கலப்புத் தற்காப்புக் கலை (எம்எம்ஏ) வீரர் பிரான்சிஸ் இங்கானூவின் குத்து பவர்க்யூப் என்ற கருவியில் 1,29,161 என்று பதிவானதாக எங்கும் பேசப்படுகிறது. அது அந்தக் கருவி தனக்கென வைத்துக்கொண்ட அலகு, நியூட்டன் அல்ல. புருனோவின் 4,096-ஐ அதன் பக்கத்தில் வைத்து, முப்பது மடங்கு பலம் என்று சொல்வது வெறும் குழப்பம்.

[திரையில்: தோள், இடுப்பு, பின்னங்கால் வழியே மேலேறும் அம்புக்குறி]

அப்படியானால் பலம் எங்கிருந்து வருகிறது? 2005-இல் ஒலிம்பிக் தரத்திலான ஏழு குத்துச்சண்டை வீரர்களை, கார் மோதல் சோதனைகளில் பயன்படும் பொம்மைத் தலையின் மீது குத்த வைத்து அளந்தார்கள். எடைப் பிரிவு கூடக் கூடக் குத்தின் கடுமையும் கூடியது. முக்கியக் காரணம் வேகமல்ல. மோதும் நொடியில் கை முட்டிக்குப் பின்னால் வந்து சேரும் எடை. அவர்களின் சராசரி வேகம் நொடிக்கு 9.1 மீட்டர். புருனோவின் வேகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கையின் எடை மட்டும் போதாது. மணிக்கட்டு வளையாமல், முழங்கை சரியாமல், தோள் பின்வாங்காமல், பின்னங்கால் தரையை உதைத்த வேகம் முட்டிவரை வந்து சேர்ந்தால், உடலில் பல கிலோ அந்தக் குத்தோடு சேர்ந்து பயணிக்கும். நடுவில் ஒரு மூட்டு தளர்ந்தாலும் அவ்வளவும் வீண். அதனால்தான் ஏழடி உயரமும் 140 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட நிகோலாய் வாலுயேவ், பயமுறுத்தும் குத்துக்காரர் என்று பெயர் எடுக்கவில்லை. எடை இருந்தது, அது முட்டிக்கு வந்து சேரவில்லை.

இன்னொன்று: நாக் அவுட் என்பது விசையால் மட்டும் நடப்பதில்லை. தாடையின் ஓரத்தில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. மண்டை ஓடு திரும்பும் வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்க முடிவதில்லை. வருகிற குத்தைப் பார்த்துவிட்டால் கழுத்துத் தசை இறுகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கிறது.

1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில் நடந்தது அதற்குச் சரியான பாடம். ஜெர்சி ஜோ வால்காட் உலக சாம்பியன். மார்சியானோவை முதல் ரவுண்டிலேயே கீழே தள்ளியவர். பதின்மூன்றாவது ரவுண்டில் வால்காட் கயிற்றுப் பக்கமாகப் பின்வாங்குகிறார். இருவருமே ஒரே நேரத்தில் வலது கையை எடுக்கிறார்கள். மார்சியானோவின் கை குறுகிய தூரத்தில் முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வால்காட் ஓடி விழவில்லை, பறந்து விழவில்லை. இடது கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, முழங்கால் மடிந்து, அப்படியே சரிந்து போகிறார். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அந்தக் குத்துக்குக் கையைப் பின்னால் ஓங்கவே இல்லை என்பது தெரியும்.

அந்த நிமிடம்வரை மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் மார்சியானோ பின்தங்கியிருந்தார். அன்று பட்டச் சண்டைகள் பதினைந்து ரவுண்டு. இன்றைய விதிப்படி சண்டை பன்னிரண்டு ரவுண்டோடு முடிந்திருக்கும், வால்காட் வென்றிருப்பார், அந்தக் குத்தே வரலாற்றில் இருந்திருக்காது. 1941-இல் ஜோ லூயிஸ், பில்லி கானை வீழ்த்தியதும் பதின்மூன்றாவது ரவுண்டில்தான். அங்கும் பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மூன்றில் இருவரின் புள்ளிகளில் கான் முன்னிலையில் இருந்தார். நாக் அவுட் சதவீதத்தை வைத்துக் காலங்களை ஒப்பிடுகிறவர்கள் இந்த மூன்று ரவுண்டுகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஜாக் டெம்ப்சியின் காலத்துக்குப் போனால் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1919 ஜூலை 4, டொலீடோ நகரம். 85 கிலோ டெம்ப்சி, 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டில் மட்டும் ஏழு முறை வீழ்த்தினார். மலைக்க வைக்கும் செய்திதான். ஆனால் விழுந்தவர் எழும்வரை எதிராளி தூரத்து மூலையில் போய் நிற்க வேண்டும் என்ற விதி அன்று இல்லை. வில்லார்ட் கையூன்றி எழுந்துகொண்டிருக்கும்போதே டெம்ப்சி பக்கத்தில் நின்று அடுத்த குத்தை விட்டார். ஏழில் எத்தனை இன்றைய விதியில் நடந்திருக்கும்? அந்தக் காலத்துப் படச்சுருள்களும் கண்ணை ஏமாற்றும். கையால் சுழற்றிப் பதிவு செய்த படத்தைப் பிற்காலக் கருவியில் ஓட்டினால் எல்லோரும் நிஜத்தைவிட வேகமாகத் தெரிவார்கள். கையுறைகளும் அன்று மெலிந்தவை. உள்ளே குதிரை மயிர். இன்று ஹெவிவெயிட்டுக்குப் பத்து அவுன்ஸ்.

[திரையில்: வீரர்களை இணைக்கும் கோடுகள்]

அளவீடும் தவறுகிறது, சதவீதமும் தவறுகிறது என்றால் மிச்சமிருப்பது சாட்சி. இரண்டு காலத்துக் குத்துக்காரர்களிடமும் அடி வாங்கிய ஒருவரைப் பிடித்தால் அவரே பாலம். எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி இதுதான்.

முதல் சாட்சி, முன்னாள் உலக சாம்பியன் லாரி ஹோம்ஸ். 1979 செப்டம்பரில் லாஸ் வேகஸில் எர்னி ஷேவர்ஸின் வலது கை அவரை ஏழாவது ரவுண்டில் அடித்துச் சாய்த்தது. ஹோம்ஸ் தடுமாறி எழுந்தார். பதினோராவது ரவுண்டில் ஷேவர்ஸை முடித்தும் விட்டார். 1988 ஜனவரியில் அதே ஹோம்ஸ் மைக் டைசன் முன் நின்றார். நான்காவது ரவுண்டில் மூன்று முறை விழுந்தார். 75 சண்டைகள் கொண்ட அவருடைய வாழ்க்கையில் ரவுண்டுகள் முடியும் முன்பே தோற்றது அந்த ஒருமுறைதான். விளைவை மட்டும் பார்த்தால் டைசன் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் அன்று ஹோம்ஸுக்கு வயது 38, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ரிங் பக்கமே வராதவர். யார் அதிகக் கனமாக அடித்தது என்று கேட்டபோது ஹோம்ஸ் சொன்ன பெயர் ஷேவர்ஸ்.

இரண்டாவது சாட்சி ரான் லைல். 1975 செப்டம்பரில் ஷேவர்ஸ், 1976 ஜனவரியில் ஜார்ஜ் ஃபோர்மன். நான்கு மாத இடைவெளியில் இருவரிடமும் விழுந்து எழுந்தவர். வயது மாறவில்லை, உடல் மாறவில்லை. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைப்பது அரிது. லைலும் ஷேவர்ஸையே சொன்னார். 1977-இல் ஷேவர்ஸோடு பதினைந்து ரவுண்டு நின்று வென்ற முகமது அலியோ, அந்த அடி ஆப்பிரிக்காவில் இருந்த தன் உறவினர்களையே உலுக்கிவிட்டது என்றார்.

ஃபோர்மனைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. 1973-இல் கிங்ஸ்டனில், அதுவரை தோல்வியே காணாத ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தினார்; கடைசி அடியில் ஃபிரேசியரின் கால்கள் தரையை விட்டு எழும்பின. அன்று இருவரின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று. 1991-இல், 42 வயதில், இவாண்டர் ஹோலிஃபீல்டைப் பன்னிரண்டு ரவுண்டிலும் கீழே தள்ள முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் 1994 நவம்பரில் மைக்கேல் மூரரோடு மோதியதைப் பாருங்கள். 45 வயது, 113 கிலோ, மூன்று நடுவர்களிடமும் பின்தங்கல். பத்தாவது ரவுண்டில் ஒரு ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து), அதன் பின்னாலேயே ஒரு குறுகிய வலது கைக் குத்து. வேகம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. மூரர் மல்லாந்து விழுந்தார். குத்தோடு வந்து சேரும் எடை என்று முன்பு சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, அந்தச் சில நொடிகளைப் பாருங்கள். வேகம் வயதோடு போய்விடும், இது போகவில்லை.

ஆகவே என் வரிசை இப்படி. ஒரே ஒரு குத்து என்றால் எர்னி ஷேவர்ஸ். ஒருபோதும் உலக சாம்பியன் ஆகாதவர், ஏழாவது எட்டாவது ரவுண்டுக்குப் பிறகு மூச்சு வாங்கியவர். இருந்தும் என் தீர்ப்பு அதுதான். இருவேறு பெரிய குத்துக்காரர்களோடு அவரை எடைபோட்ட இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இரு காலங்களிலும் தாங்கி நின்ற பலம் என்றால் ஃபோர்மன். டைசனின் பயங்கரம் பெரும்பாதி, எதிராளி காணாத கோணத்தில் அடுத்தடுத்து வந்ததில் இருந்தது. 1988-இல் மைக்கேல் ஸ்பிங்ஸ் 91 நொடியில் முடிந்தது அப்படித்தான். எடைக்கு எடை பார்த்தால், தன்னைவிட 26 கிலோ கூடியவரைச் சாய்த்த டெம்ப்சியையும் மார்சியானோவையும் தள்ளிவைக்க எனக்கு மனம் வராது. இருவருமே இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூசர்வெயிட் பிரிவில்தான் நின்றிருப்பார்கள்.

டியான்டே வைல்டரை எங்கே வைப்பது? முதல் 42 வெற்றிகளில் 41 நாக் அவுட். 2018 டிசம்பரில் டைசன் ஃப்யூரியோடு மோதியபோது அவர் எடை 96 கிலோதான், ஹோம்ஸை வீழ்த்திய நாளில் ஷேவர்ஸுக்கு இருந்ததை ஒட்டிய எடை. பன்னிரண்டாவது ரவுண்டில் ஒரு வலது, தொடர்ந்து ஒரு இடது ஹூக் (கையை வளைத்து விடும் குத்து). ஃப்யூரி மல்லாந்தார், பத்து எண்ணும் முன் எழுந்தும் விட்டார். ஷேவர்ஸிடமிருந்து வைல்டர்வரை ஒரு சங்கிலியும் இருக்கிறது. ஷேவர்ஸை ஹோம்ஸ் சந்தித்தார், ஹோம்ஸை ரே மெர்சர், மெர்சரை விளாதிமிர் கிளிட்ச்கோ, கிளிட்ச்கோவை ஃப்யூரி, ஃப்யூரியை வைல்டர். ஆனால் ஹோம்ஸ் மெர்சரைச் சந்தித்தபோது நாற்பதைத் தாண்டியவர். கிளிட்ச்கோவைச் சந்தித்தபோது மெர்சரும் நாற்பதைத் தாண்டியவர். கண்ணிகள் தேய்ந்த சங்கிலியை வைத்து வைல்டரை ஷேவர்ஸுக்கு மேலே ஏற்ற நான் தயாராக இல்லை. ஃபோர்மனுக்கு அடுத்த இடம் அவருக்கு.