மறுமுனையில் இருப்பவருக்கும் ஒரு சட்டம் வேண்டும்

(ஓட்டுநர்களுக்கான சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். போனை சைலண்டில் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். சவாரி வந்தால் எழுந்து போங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் போன்தான் உங்கள் பிழைப்பு என்பது எனக்குத் தெரியும். பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

முதலில் சட்டம் என்ன என்று பார்த்துவிடுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்தில் அதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது, இவற்றோடு கையில் பிடித்த தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்துவதும் ஆபத்தான ஓட்டம்தான் என்றார்கள். முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் மாட்டினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அரசாணைப்படி ரோட்டிலேயே போடும் ஃபைன் முதல் தடவை 1,000, அடுத்த தடவை 10,000.

ஆயிரத்தோடு போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: போன் பேசிக்கொண்டு ஓட்டினால் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வையுங்கள் என்று. ஃபைனை எப்படியாவது கட்டிவிடலாம். மூன்று மாதம் வண்டி நின்றால் டியூவை யார் கட்டுவது?

பக்கத்தில் கேரளத்தில் ஒரு வழக்கு. 2018 மே மாதம் அங்கே உயர் நீதிமன்றம், போன் பேசிக்கொண்டு ஓட்டினார் என்பதற்காக மட்டுமே கேரள போலீஸ் சட்டத்தில் வழக்குப் போட முடியாது, அதனால் பொதுமக்களுக்கு ஆபத்து ஏற்பட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி வாதாட இடமில்லை. போனைக் கையில் பிடித்துப் பேசினாலே ஆபத்தான ஓட்டம்.

கையில் இல்லாவிட்டால்? ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் சொருகிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். நிறுத்திக் கேட்டால், "ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதானே சார் இருக்கு" என்பார்கள். வக்கீலாக நானும் அந்த வாதத்தை ரசிப்பேன். ஆனால் அந்த விளக்கத்துக்கு மேலே, பொதுமக்களுக்கு ஆபத்தாக எந்த விதத்தில் ஓட்டினாலும் குற்றம் என்று 184-இன் மூல வாசகம் இருக்கிறது. தப்பிப்பது அவ்வளவு சுலபமில்லை. புளூடூத் போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் டொராண்டோ நகரில் விபத்தில் சிக்கிய, போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். போன் பேசும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. கவனம் போய்விட்டால் கை எங்கே இருந்தால் என்ன?

அப்புறம் மேப். 2020 அக்டோபர் 1 முதல் விதியைத் திருத்தி, வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், ஆனால் ஓட்டுவதில் கவனம் சிதறக் கூடாது என்றார்கள். நல்ல விதிதான். ஆனால் உங்கள் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் போனில் என்ன நடக்கிறது? மேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் ஒரு ஆர்டர் வந்து விழுகிறது. மணி அடிக்கிறது. ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, அது மறைவதற்குள் எடுக்க வேண்டும். ஏற்றும் இடம், இறக்கும் இடம், ரூபாய் எல்லாம் பொடி எழுத்தில். படித்து, மனக்கணக்குப் போட்டு, விரலால் தட்ட மூன்று விநாடி என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டரும் நீங்கள் ரோட்டைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று விட்டால் அடுத்த ஆர்டர் எப்போது வருமோ என்ற பயம் வேறு.

மாட்டினால் ஃபைன் உங்களுக்கு. உயிர்ப்பலி ஆகிவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, ஐந்தாண்டு வரை சிறை. இதற்கு முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டாண்டுதான் இருந்தது. விசாரணையில் அழைப்புப் பதிவை வரவழைத்து, விபத்து நடந்த நிமிடத்தில் லைனில் இருந்தீர்களா என்று பார்ப்பார்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். குற்றப்பத்திரிகையில் ஒருவர் பெயர்தான் இருக்கும். "எங்கே வந்துக்கிட்டிருக்க?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை லாரி டிரைவரைக் கூப்பிட்ட புக்கிங் ஆபீஸ்காரர் அதில் வரமாட்டார்.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-க்கு முந்தைய பிரிவையே பாருங்கள். 183, வேக வரம்பை மீறுவது பற்றியது. அதில் ஓட்டியவருக்கு மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைத்த முதலாளிக்கும் தண்டனை உண்டு. வேகத்துக்குத் தெரிந்த நியாயம் போனுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று? ஓட்டும்போது போனை எடுக்க வைத்தவரும் பொறுப்பு என்று 184-இல் ஒரு வரி சேர்த்தால் போதும். வீட்டிலிருந்து கூப்பிடும் மனைவியை நான் சொல்லவில்லை, பயந்துவிடாதீர்கள். உங்கள் உழைப்பில் லாபம் பார்ப்பவர்களைச் சொல்கிறேன்.

சட்டத்தைத் திருத்த டெல்லிக்குப் போக வேண்டும், நாளாகும். அதுவரை அதே சட்டத்தின் 93-ஆம் பிரிவு இருக்கிறது. டாக்சி, ஆட்டோ ஆப் நடத்துபவர்களுக்கு அக்ரிகேட்டர் என்று பெயர் வைத்து, உரிமம் வாங்க வேண்டும் என்கிறது. அந்த உரிமத்துக்கு நிபந்தனை போடும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா, என்ன வேகம் என்பது அந்த ஆப்புக்குத் தெரியும். ஓடும்போது ஆர்டரைக் காட்டாதே, நின்ற பிறகு காட்டு, எடுக்காததற்காக ஓட்டுநரைத் தண்டிக்காதே என்று ஒரு நிபந்தனை எழுதலாம்.

சங்கத்தின் சார்பில் போக்குவரத்துத் துறைக்குக் கொடுக்கப்போகும் மனுவில் இதைத்தான் எழுதியிருக்கிறோம். நகல் வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். நன்றி.