தேவதூதர்களைச் சுட்டது யார்?

நண்பர்களே, இங்கிலாந்தின் கிழக்கோரம், சஃபோக் பகுதியில், பிளைத் ஆற்றின் சதுப்பு நிலத்துக்கு மேலே பிளைத்பரா என்று ஒரு சின்ன ஊர். ஊர்தான் சின்னது. அங்கே உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய கப்பல் ஒன்று தரைதட்டி நிற்பதுபோல இருக்கும். ‘சதுப்பு நிலத்தின் கதீட்ரல்’ என்றே அதற்குப் பெயர். 15ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம் இது. சுவரில் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல். அந்தப் பக்கத்து வயல்களில் கைக்குக் கிடைப்பது அதுதான்.

உள்ளே போனதும் தலை தானாக மேலே போகும். நீண்ட மரக்கூரை, அதன் நடுவில் வரிசையாக, மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள் சிறகு விரித்திருக்கிறார்கள். பழைய சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன.

அந்த மரத்துக்குள் ஈயக் குண்டுகள் இருந்தன. சுட்டது யார்? ஊரில் வழிவழியாக வந்த பதில், ‘வில்லியம் டவுசிங்கின் ஆட்கள்.’ 1644இல் நாடாளுமன்றத்தின் ஆணையோடு தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் படங்களையும் சிலைகளையும் உடைக்கச் சொன்னவர் அவர். இங்கேயும் வந்தார், கூரைத் தேவதூதர்களை இறக்கச் சொன்னதைத் தம் நாட்குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் என்ன, பழி அவர்மேல் விழாமல் இருக்குமா?

ஆனால் தேவாலயத்தின் பழைய கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில், கூரையில் அடைந்த ஜாக்டா பறவைகளைச் சுட வெடிமருந்துக்கும் குண்டுக்கும் காசு கொடுத்ததாக அதில் பதிவு இருக்கிறது. ஜாக்டா நம் காக்கைக்குச் சொந்தக்காரப் பறவை. ஆக, தேவதூதர் மேல் பட்டது காக்கைக்கு வைத்த குறி!

பெஞ்சுகளின் ஓரங்களில் செதுக்கிய உருவங்களையும் பாருங்கள். சோம்பேறி படுக்கையை விட்டு எழவில்லை. பெருந்தீனிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிரசங்கம் நீண்டால் பக்கத்திலிருப்பவரை ஜாடையாகக் காட்ட வசதிதான்.

வடக்குக் கதவிலும் ஒரு வழக்கு இருக்கிறது. 1577 ஆகஸ்ட் 4ஆம் தேதி, வழிபாட்டு நேரத்தில் பெரும்புயல் இடியோடு வந்தது. உள்ளே உயிர்கள் போயின. கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றன. புயலோடு வந்த கருப்பு நாயின் நகக்கீறல் என்கிறது ஊர். மெழுகுவர்த்தி சுட்ட தடம் என்பாரும் உண்டு. நாய்க்காகத்தான் கூட்டம் வருகிறது.