ஒப்புநோக்காமல் கழற்றாதீர்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

போன மாரியில் பெரியம்மா வீட்டுப் பழைய படங்களை ஒரு வெளி வன்தட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஏறத்தாழ 12,000 கோப்புகள். திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது, கழற்றிக் கொடுத்துவிட்டேன். தைப்பொங்கல் கழித்துப் பெரியம்மா அழைத்தார். “தம்பி, பெரியப்பாவின் படத்தில் பாதியைக் காணவில்லை.” போய்ப் பார்த்தேன். கோவிலடியில் நிற்கிறார். நெற்றித் திருநீறு துலக்கமாகத் தெரிகிறது. மார்புக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. பழைய கணினியை அதற்குள் விற்றுவிட்டார்கள்.

வேகம் வேண்டுமென்று சரிபார்க்கும் அமைப்பை அணைத்து வைத்தவன் நான்தான்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கித்தான் பாடத்தைத் தீர்மானித்தார். படியெடுத்தால் ஒப்புநோக்க வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. கணினியிலும் அதே வேலைதான். கோப்பின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் ஓர் அடையாளக் கோவையைக் கணக்கிடுகிறார்கள். எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்து நீளம். ஒரு புள்ளி மாறினாலும் கோவை வேறாகிவிடும். மூலத்தின் கோவையும் படியின் கோவையும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கோப்புகளைப் படியெடுக்க, விண்டோஸுடன் வரும் ரோபோகொப்பி நல்ல கருவி. ஆனால் அது கோப்பின் அளவையும் நேரத்தையும் பார்த்துத்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறது. எழுதிய உள்ளடக்கத்தை இப்படி ஒப்புநோக்குவதில்லை. டெராகொப்பி போன்ற வேறு படியெடுக்கும் மென்பொருள்களில் அதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. எழுதியதெல்லாவற்றையும் மறுபடி வாசிப்பதால் நேரம் கிட்டத்தட்ட இருமடங்காகும். ஆகட்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. எழுதிய உடனே சரிபார்த்தால், கணினி வன்தட்டை வாசிக்காமல் தன் நினைவகத்தில் மிச்சமிருப்பதை வாசித்து ‘சரி’ என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மீண்டும் செருகிய பிறகே சரிபார்க்கிறேன்.

வேகத்துக்கு வருவோம். ரோபோகொப்பியில் பல கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம். எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் 8, உச்சம் 128. சின்னஞ்சிறு கோப்புகள் வலையமைப்பு வழியே போகும்போது இது பெரிய உதவி. சுழலும் பழைய வன்தட்டிலோ வாசிக்கும் முனை அங்குமிங்கும் அலைந்து வேகம் குறைந்துவிடும். அங்கே ஒன்றோ இரண்டோ போதும்.

மறுமுயற்சி அமைப்பைக் கட்டாயம் மாற்றுங்கள். இயல்பாக, திறக்க முடியாத ஒரு கோப்புக்காக அது 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் தடவை முயலும். கணக்குப் பார்த்தால் 347 நாள்! மூன்று தடவை, ஐந்து விநாடி என்று வைத்து, தவறியவற்றைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரிய காணொளிகளை அனுப்பும்போது இடையில் மின்சாரம் நின்றால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் அதில் இருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் அதைப் போட்டுத்தான் தொடங்குவேன். வேகம் சற்றுக் குறையும்.

அந்தப் படத்தின் காகிதப் பிரதி ஒன்று கனடாவில் மச்சாளிடம் இருக்கிறதாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வணக்கம்.