அந்தக் குளிசையின் பெயர் என்ன?

வணக்கம் நேயர்களே. மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 26 வருடம் நின்றவன் நான். அங்கே அதிகம் கேட்டது, "வலிக்கு ரெண்டு குளிசை குடுங்க" என்பதைத்தான். பெயர் சொல்லிக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

வலிக்குளிசை எல்லாம் ஒன்றில்லை. பனடோல், அதாவது பரசிட்டமோல், ஒரு வகை. டைக்ளோபெனாக், இபுபுரூபன் இரண்டும் இன்னொரு வகை. வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். நல்ல மருந்துகள்தான், நானும் முழங்கால் வலிக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் உடம்பில் வீக்கத்தை உண்டாக்கும் அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலையும் காக்கிறது. ஒன்றை அடக்கினால் மற்றதும் அடங்கும். "ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது" என்பார்கள். அதுவும் இரத்தத்தின் வழியே போய் அதே வேலையைத்தான் செய்யும்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர், அறுபதை நெருங்கும் வயது. விடிய ஒரு பிளேன்டீ, அதோடு குளிசை, உடனே மலைக்கு. ஒருநாள் வெளிறிப்போய் வந்து, "தம்பி, நாலு எட்டு வைக்க மூச்சு வாங்குது" என்றார். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். சேலை முடிச்சை அவிழ்த்து இரண்டு குளிசை அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று தோட்டத்தில் கொடுத்தது, மற்றது டவுனில் வாங்கியது. நிறம் வேறு, மேலே பெரிதாக அச்சடித்த பெயர் வேறு. திருப்பிப் பார்த்தால் இரண்டின் பின்னாலும் சின்ன எழுத்தில் டைக்ளோபெனாக் 50 மில்லிகிராம்! இதில் மூன்று, அதில் மூன்று போட்டிருக்கிறார். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அவர் 300 போட்டிருக்கிறார்.

மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன். "ஆமா தம்பி, இரும்புச்சத்துக் குளிசை போடுறேனே, அதுதான்" என்றார். இரும்புச்சத்துக் குளிசை போட்டாலும் மலம் கறுக்கும், உண்மை. ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கடுமையாக நாறினால் அது உள்ளே கசிந்த இரத்தம். வயிறு வலிக்கவே இல்லை என்றார். வலிக்காமலும் புண் வரும். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தார். அதனால்தான் சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன்: அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரே வகையில் இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள். பக்கத்து லயத்து அக்கா கொடுத்ததையும் பெயர் தெரியாமல் விழுங்காதீர்கள்.

வெறும் பிளேன்டீயோடு வேண்டாம். ஒரு ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். சாப்பிட்டாலும் ஆபத்து முழுதாகப் போகாது, அதனால் குறைந்த அளவு, குறைந்த நாட்கள். முழங்கால் வலிக்கு முதலில் பூசும் ஜெல் போதுமா என்று கேளுங்கள்.

அப்புறம் சிறுநீரகம். மலையில் ஒதுங்க இடமில்லை என்று நம் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. அது அவர்களுடைய பிழை இல்லை, மலையில் மலசலகூடம் கட்டித் தராதவர்களின் பிழை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்தக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கிறது. லோசாட்டன், எனலப்ரில் போன்ற பிரஷர் மருந்தோடு, சிறுநீர் போக வைக்கும் குளிசையும் எடுப்பவர் என்றால் இன்னும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கர்ப்பிணிகளைப் பற்றியும் ஆஸ்துமாக்காரர்களைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சரி, அவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம், இந்த வகை வேண்டவே வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். பனடோல் மட்டும், அதுவும் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை நாளைக்கு 8க்கு மேல் போகாமல். இரத்த வாந்தி என்றால் உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். நன்றி, வணக்கம்.