தண்ணீர் எப்போது வரும்?

[காட்சி: வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தெரு. விடியற்காலை. குழாயடியில் குடங்கள்.]

மணி நாலரை. குழாயில் காற்றுதான் வருகிறது. இன்றைக்குத் தண்ணீர் உண்டா, நாளைக்கா, யாருக்கும் தெரியாது. குடத்தோடு நிற்கிற அக்கா, பிள்ளைக்குச் சோறு கட்டிவிட்டு காட்பாடிக்குப் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை செல்போனில் மணி பார்க்கிறார். இந்தப் படபடப்பைத்தான் டென்ஷன் என்கிறோம்.

[காட்சி: சிறுநீரகத்தின் படம்.]

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. ஆபத்து என்று மூளை சொன்னதும் அது அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களை விடும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். நாய் துரத்தினால் இதுதான் நம்மைக் காப்பாற்றும். ஓடி முடித்ததும் அடங்கிவிடும். குழாயடியில் நிற்கிறவர் எங்கே ஓடுவார்? நாள் தவறாமல் இதே கதை என்றால் முதலில் தூக்கம் கெடும்.

சாவு, கடன், வேலை போவது போன்ற பெரிய அடிகள்தான் ஆளைச் சாய்க்கும் என்று நினைக்கிறோம். 1981-ல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. மனநலக் கோளாறின் அறிகுறிகளோடு அன்றாடச் சில்லறைத் தொல்லைகளுக்குத்தான் நெருக்கம் அதிகம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ராத்திரியும் சுவர் சுடும். அரைத்தூக்கத்தோடு கிளம்பி கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஹாரன் சத்தத்தில் மாட்டினால், யார் முகத்திலாவது எரிந்து விழத்தான் தோன்றும்.

சத்தத்தைப் பற்றி ஒரு சோதனை. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தை ஆட்களுக்குக் கேட்க வைத்தார்கள். சிலரிடம் மட்டும், "தாங்க முடியாவிட்டால் இந்த பட்டனை அழுத்துங்கள், நின்றுவிடும்" என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டனைத் தொடவே இல்லை. ஆனாலும், பிறகு கொடுத்த புதிர்களில் அவர்கள்தான் பொறுமையாக உட்கார்ந்தார்கள். அதே சத்தம், அதே காது. நிறுத்த முடியும் என்ற தைரியம்தான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் டோக்கனோடு காத்திருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வங்காளத்திலிருந்து வந்தவர்கள், தமிழ் தெரியாது. "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்று யாராவது அவர்கள் மொழியில் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் குறையாது. ஆனால் அவர்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, மனசு ஒரு நிலையில் இல்லை என்றால் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

[காட்சி: மறுபடியும் அதே தெரு.]

அப்புறம், எங்கள் தெருக் கதை. பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். தெருமுனை வீட்டுக் குழாயில்தான் முதலில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அந்த வீட்டுப் பெரியம்மா குரல் பதிவில் மூன்றே வார்த்தை சொல்வார்: "தண்ணி வந்துச்சு, வாங்கம்மா." அதுவரை எல்லோரும் தூங்குகிறார்கள்.