குழந்தையின் மலம் வெளுத்துப் போகிறதா? வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள்!

(திரையில்: மஞ்சள், பழுப்பு, வெளிறிய சாம்பல் என மூன்று நிறக் கட்டங்கள்)

பிறந்து மூன்று வாரமான குழந்தை. நன்றாகப் பால் குடிக்கிறது, எடையும் ஏறுகிறது. ஆனால் கண்ணின் மஞ்சள் நிறம் மறையவில்லை, மலம் வெளிறிப் போகிறது. "இளவெயிலில் காட்டு, சரியாகிவிடும்" என்று பாட்டி சொல்கிறார். பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால் பித்தக்குழாய் அடைபட்டிருந்தால் எந்த வெயிலும் அதைத் திறக்காது.

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து பேசுகிறேன். குழந்தைகளின் கல்லீரலிலும் கணையத்திலும் நடக்கும் நுண்துளை அறுவைச் சிகிச்சையை, அதாவது வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் அறுவையைப் பற்றித்தான் இன்றைய வீடியோ.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியே குடலில் இறங்குகிறது. மலத்துக்கு நிறம் தருவது அதுதான். கணையத்தின் குழாயும் அதே வாசலில் வந்து சேர்கிறது.

சில குழந்தைகளுக்கு இந்த இரண்டு குழாய்களும் வாசலுக்கு வெகு முன்னாலேயே இணைந்துவிடுகின்றன. கணைய நீர் மேலேறிப் பித்தக்குழாயின் சுவரை அரிக்கிறது, குழாய் வீங்கிப் பையாகிறது. இதுதான் பித்தக்குழாய் நீர்க்கட்டி. கிழக்காசியக் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். விட்டுவைத்தால் பிற்காலத்தில் புற்றுநோயாகும் அபாயம் உண்டு. அதனால் நீரை மட்டும் வடித்துவிட்டால் போதாது, பையையே எடுத்துவிட வேண்டும். 1995இல் இத்தாலியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதை நுண்துளை வழியாகச் செய்த செய்தி வெளியானது.

(திரையில்: குழந்தையின் வயிற்றுப் படம், நான்கு புள்ளிகள்)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வயிற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்குகிறார்கள். பச்சிளம் குழந்தைக்கு அழுத்தம் கூடினால் மூச்சும் இரத்த ஓட்டமும் தடுமாறும். பெரியவர்களுக்கு 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் வரை வைக்கும் அழுத்தத்தை இங்கே எட்டு, பத்தில் நிறுத்துகிறார்கள். கருவிகளின் பருமன் 3 மில்லிமீட்டர்: நாம் சாப்பிட்டுவிட்டுப் போடும் சாத்தே குச்சியின் அளவுதான்! அதன் நுனியில் திறந்து மூடும் இடுக்கி இருக்கிறது. துளையே அச்சாகிவிடுவதால் கை இடப்பக்கம் போனால் நுனி வலப்பக்கம் போகும். திரையைப் பார்த்துக்கொண்டே, இப்படித் தலைகீழாக அசையும் கையால் சில மில்லிமீட்டர் அகலக் குழாயில் தையல் போட வேண்டும்.

குழந்தையின் கல்லீரல் உடலளவுக்குப் பெரியது, வேலை செய்யும் இடத்தை மறைத்துவிடும். அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? வயிற்றுச் சுவருக்கு வெளியிலிருந்து ஊசியை உள்ளே விட்டு, கல்லீரலைத் தாங்கும் தசைநாரில் நூலைக் கோத்து, மேலே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள்! பையை எடுத்த பிறகு சிறுகுடலின் ஒரு வளையத்தைத் தொப்புள் துளை வழியே வெளியே எடுத்து, வெட்டி இணைத்து, மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். அதன் ஒரு முனையைக் கல்லீரலின் குழாயோடு தைத்தால் பித்தநீருக்குப் புது வழி பிறந்துவிடும். தொப்புளின் மடிப்பிலேயே தழும்பு மறைந்துவிடுகிறது.

கணையத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் இன்சுலினை அளவின்றிச் சுரந்து சர்க்கரையை ஆபத்தாகக் குறைக்கும் குழந்தைகளுக்கும், அந்த இடத்தை ஸ்கேனில் கண்டுபிடித்து நுண்துளை வழியே எடுத்துவிட முடிகிறது.

இப்போது வெளிறிய மலத்துக்கு வருகிறேன். அதன் மிகக் கவலைக்குரிய காரணம் பித்தக்குழாய் அடைப்பு நோய். கல்லீரலுக்கு வெளியே உள்ள குழாய்கள் அழிந்து மூடிவிடுகின்றன. குடலைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தநீரை ஓடவைக்கும் அறுவையை 1950களில் ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் உருவாக்கினார். 2002இல் பிரேசில் மருத்துவர்கள் அதை நுண்துளையில் செய்து காட்டினார்கள். ஆனால் ஜெர்மனியின் ஹனோவரில் நடந்த ஆய்வில், நுண்துளையில் செய்த குழந்தைகளின் சொந்தக் கல்லீரல், மாற்றுக் கல்லீரல் தேவைப்படாத அளவுக்கு அவ்வளவாக நிலைக்காததால் ஆய்வையே நிறுத்தினார்கள். ஜப்பானில் சில குழுக்கள் நல்ல பலன் கண்டிருக்கின்றன. இருந்தாலும் இந்த நோய்க்கு மட்டும் தழும்பின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பேன். நாள்தான் முக்கியம். பிறந்து 60 நாளுக்குள் அறுவை நடந்தால் பித்தநீர் ஓட வாய்ப்பு அதிகம்.

நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளைத் தாண்டியும் மஞ்சள் இருந்தால் சுகாதார கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மஞ்சள் நிறத்தைத் தரும் பொருள்தான் பிலிருபின்; மொத்த பிலிருபினோடு நேரடி பிலிருபினையும் பார்க்கச் சொல்லுங்கள். தாதியர் வீட்டுக்கு வரும்போது டயப்பரையே எடுத்துக் காட்டுங்கள், கூச்சம் வேண்டாம். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், பினாங்கில் பினாங்கு பொது மருத்துவமனையிலும் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன.

அங்கே நிபுணரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த அறுவையை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா? எந்த நிலையில் வயிற்றைத் திறக்க முடிவெடுப்பீர்கள்? நடுவில் திறந்துவிட்டால் அது தோல்வியல்ல, குழந்தையின் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு.

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிள்ளை பெற்றவர் யாராவது இருந்தால் இந்த வீடியோவை இன்றே அனுப்புங்கள். பாட்டிக்கும் சேர்த்து அனுப்புங்கள்.